தன் தோல்வியைத் தானே படித்தவர்கள்

தேர்தலில் தோற்றுப்போன ஒருவரை, தோல்வியின் காயம் ஆறுமுன்பே, ஊர் கூடிய மன்றத்திலே உயர்ந்த நாற்காலியில் ஏற்றி உட்காரவைத்து, "உம்மை வீழ்த்தியவர் பெற்ற வாக்கு இத்தனை, நீர் பெற்ற வாக்கு இத்தனை, ஆகவே வென்றவர் அவரே என்பதை உமது வாயாலேயே எடுத்துச் சொல்லும்" என்று கட்டளையிட்டால் எப்படி இருக்கும்? கொடுமை என்போம். குத்திக் காட்டுவதற்கென்றே செய்த ஏற்பாடு என்போம். நம் ஊர்ப் பஞ்சாயத்துத் தேர்தலிலே இப்படி ஒரு விதி இருந்தால், கணக்கைப் படித்து முடிக்குமுன் நாற்காலி பறக்கும்!

ஆனால் அமெரிக்க ஐக்கிய நாட்டிலே அரசியல் சட்டமே அந்த வேலையை ஏவுகிறது. அந்நாட்டின் துணைக் குடியரசுத் தலைவர்தான் செனட் சபைக்கும் தலைவர். குடியரசுத் தலைவர் தேர்தல் முடிந்ததும், ஒவ்வொரு மாநிலத்திலும் தேர்வாளர் என்போர் கூடித் தங்கள் வாக்கைப் பதிந்து, முத்திரையிட்ட உறையிலே தலைநகருக்கு அனுப்புகிறார்கள். இன்றைய கணக்கில் தேர்வாளர் 538 பேர். 270 பெற்றவர் வென்றவர். இரு சபையினரும் ஒரே மன்றத்தில் கூடியிருக்க, அந்த உறைகளைப் பிரிக்க வேண்டியவர் துணைக் குடியரசுத் தலைவர். எண்ணி முடித்த கணக்கை அவைக்கு அறிவிக்க வேண்டியவரும் அவரே. அவரே குடியரசுத் தலைவர் பதவிக்கு நின்று, தோற்றிருந்தால்? விதி மாறாது. பிரித்தாக வேண்டும், படித்தாக வேண்டும்.

அப்படிப் படித்தவர்கள் நால்வர். 1861-இல் ஜான் பிரெக்கின்ரிட்ஜ், 1961-இல் ரிச்சர்டு நிக்சன், 2001-இல் அல் கோர், 2025-இல் கமலா ஹாரிஸ். இடையில் 1969-இல் ஹியூபர்ட் ஹம்ஃப்ரிக்கும் அந்த முறை வந்தது. ஐக்கிய நாடுகள் மன்றத்தின் முதல் பொதுச் செயலாளர் டிரிக்வே லீ மறைந்திருந்த நேரம். ஹம்ஃப்ரி இறுதிச் சடங்குக்கென நார்வே நாட்டுக்குப் போய்விட்டார், வேறொருவர் படித்தார். ஹம்ஃப்ரியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. எந்த மனிதனுக்கும் அந்த நாற்காலி முள்ளாகத்தான் இருந்திருக்கும்.

ஆட்சி மாற்றம் என்றதும் நம் கண்முன் வந்து நிற்பவர் வென்றவர். மாலை, மேளம், வாழ்த்தொலி, பதவிப் பிரமாணம்! தோற்றவரை அன்றைக்கு யார் நினைக்கிறார்கள்? ஆனால் எண்ணிப் பார்த்தால், மாற்றத்தை முடித்துவைப்பது தோற்றவரின் நாக்குத்தான். வென்றவர் "நான் வென்றேன்" என்று ஆயிரம் முறை முழங்கலாம். தோற்றவர் ஒரே ஒருமுறை "ஆம், அவரே வென்றார்" என்று சொன்னால்தான் அந்த முழக்கம் ஆட்சியாகிறது. அதற்குமுன் அது வெறும் முழக்கம்.

முதலாமவர் கதை கேட்கத்தக்கது. பிரெக்கின்ரிட்ஜ் கென்டக்கி மாநிலத்தவர். அடிமைமுறை அழியக்கூடாது என்று வாதாடிய தென்பகுதி ஜனநாயகக் கட்சியினர் 1860-ஆம் ஆண்டுத் தேர்தலிலே நிறுத்திய வேட்பாளர். அப்போது துணைக் குடியரசுத் தலைவரும் அவரே. எதிரே நின்றவர்களுள் ஒருவர் ஆபிரகாம் லிங்கன். லிங்கன் வென்றார் என்ற செய்தி பரவியதும் தென் கரோலினா பிரிந்தது. அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக மாநிலங்கள் கழன்றன. 1861 பிப்ரவரித் திங்கள் 13-ஆம் நாள், உறைகளைப் பிரிக்க அவை கூடியபோது, லிங்கன் தலைநகருக்கு வந்து சேரவேயில்லை. தலைநகரிலோ எங்கும் கிசுகிசு. உறைகளைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டால்? எண்ணுவதற்கு உறை இல்லை; உறை இல்லையேல் வெற்றி இல்லை! முதிய தளபதி வின்ஃபீல்டு ஸ்காட் மன்றத்தின் வாயில்களிலே காவல் வைத்தார். அனுமதிச் சீட்டு இல்லாதவர் உள்ளே நுழைய முடியவில்லை.

உள்ளே தலைமை நாற்காலியில், 40 வயது நிரம்பிய பிரெக்கின்ரிட்ஜ். அவர் நினைத்திருந்தால் அன்று என்னவெல்லாம் செய்திருக்கலாம்! "உடல்நலமில்லை" என்று வீட்டிலே படுத்திருக்கலாம். ஒரு மாநிலத்தின் உறையைக் கையிலே வைத்துக்கொண்டு, "இதில் முத்திரை சரியில்லை" என்று சந்தேகம் கிளப்பியிருக்கலாம். தீப்பொறி விழுந்தால் போதும் என்று வெடிமருந்து காத்திருந்த நாள் அது. அவர் செய்தது இதுதான்: உறைகளைப் பிரித்தார். லிங்கனுக்கு 180, தனக்கு 72, ஜான் பெல்லுக்கு 39, ஸ்டீபன் டக்ளசுக்கு 12 என்று கணக்கு முடிந்ததும், ஆபிரகாம் லிங்கன் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று அறிவித்தார்.

அந்த மனிதர் உத்தமரா? இல்லவே இல்லை. மனிதனை மனிதன் விலைக்கு வாங்கும் கொடுமைக்குக் கொடி பிடித்தவர். அவ்வாண்டு முடிவதற்குள் பிரிவினைப் படையிலே சேர்ந்து சொந்த நாட்டின் மீதே வாளோங்கினார். டிசம்பரிலே செனட் சபை அவரைத் 'துரோகி' என்று தீர்மானத்திலேயே எழுதி வெளியேற்றியது. பிறகு பிரிவினை அரசின் போர் அமைச்சராகவும் ஆனார். நான் அவருக்குச் சிலை வைக்கச் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் பாருங்கள்: அப்படிப்பட்டவரும், அந்த நாற்காலியில் இருந்த அந்த ஒரு நாள், உறையில் என்ன இருந்ததோ அதைத்தான் படித்தார். லிங்கன் முறைப்படி பதவி ஏற்றார். போர் பின்னால் வந்தது. அதை மூட்டியவர்கள்கூட லிங்கன் வென்ற கணக்கு பொய்க் கணக்கு என்று சொல்ல முடியாமல் போயிற்று.

நூறு ஆண்டுகள் கழிந்தன. 1961 ஜனவரி 6. நாற்காலியில் நிக்சன். கென்னடிக்கும் அவருக்கும் நடந்த போட்டி, மயிரிழைப் போட்டி. நாடு முழுதும் விழுந்த ஏறத்தாழ 6 கோடியே 88 இலட்சம் வாக்குகளிலே இருவருக்கும் இடையில் இருந்த வேறுபாடு ஒன்றேகால் இலட்சம்கூட இல்லை. இல்லினாய் மாநிலத்திலும் டெக்சாசிலும் கள்ளவாக்கு விழுந்தது என்று நிக்சன் கட்சியார் கொதித்தார்கள். கொதிக்கும் கூட்டம் பின்னால் நிற்க, அவர் நாற்காலியில் அமர்ந்தார்.

அன்று ஒரு சிக்கலும் முளைத்தது. ஹவாய் மாநிலத்திலிருந்து ஒன்றுக்கொன்று மாறான சான்றிதழ்கள் வந்திருந்தன. முதலில் எண்ணியபோது அங்கே நிக்சன் முந்தியிருந்தார். மறு எண்ணிக்கையிலே கென்னடி 115 வாக்குகளால் முந்தினார். எந்தச் சான்றிதழை ஏற்பது? தலைவர் நாற்காலியில் இருப்பவரோ நிக்சன்! அவர் கென்னடிக்குச் சாதகமான சான்றிதழை ஏற்கலாம் என்று தாமே முன்மொழிந்தார். யாரும் மறுக்கவில்லை. கென்னடி 303, நிக்சன் 219, பர்டு என்ற செனட்டருக்கு 15. படித்து முடித்துவிட்டு, நூறாண்டுக்குப் பிறகு ஒரு வேட்பாளர் தன் தோல்வியைத் தானே அறிவிக்கும் நிகழ்ச்சி இது என்று நிக்சன் சொன்னதும் அவை எழுந்து கைதட்டியது.

ஹவாய்க்கு மூன்றே வாக்கு. அதனால் முடிவு மாறியிருக்காது, அதிலென்ன பெருமை என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். இதே நிக்சன்தான் பின்னாளில் குடியரசுத் தலைவராகி, வாட்டர்கேட் ஊழலிலே சிக்கி, 1974 ஆகஸ்ட் 9-ஆம் நாள் பதவியை விட்டு இறங்கினார். மறுபடியும் அதே பாடம்தான்: ஆட்சி மாற்றம் அமைதியாக நடக்கவேண்டுமானால், நாற்காலியில் இருப்பவர் புத்தராக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. புத்தர்களை எதிர்பார்த்து அரசியல் சட்டம் எழுதினால் அந்த நாடு உருப்படாது.

கோர் கதைக்குப் போகுமுன் 1877-க்கு ஒருமுறை திரும்பவேண்டும். இல்லையேல் 2001-இல் அந்த அவையிலே எழுந்து நின்றவர்கள் யார், ஏன் எழுந்தார்கள் என்பது விளங்காது. 'அமைதி, அமைதி' என்று நாம் பாடும் பாட்டிலே ஒளிந்திருக்கும் அபசுரமும் காதில் விழாது.

1876-ஆம் ஆண்டுத் தேர்தலில் மக்கள் வாக்கை அதிகம் பெற்றவர் சாமுவேல் டில்டன். தேர்வாளர் வாக்கிலே அவருக்கு 184. இன்னும் ஒன்றே ஒன்று வேண்டும். ரூதர்போர்டு ஹேய்சுக்கு 165. மீதி 20 வாக்குகள் தகராறில். பெரும்பாலும் புளோரிடா, லூசியானா, தென் கரோலினா என்ற தென்பகுதி மாநிலங்களின் வாக்குகள். பதினைந்து பேர் கொண்ட குழு அமைத்தார்கள். அது எட்டுக்கு ஏழு, எட்டுக்கு ஏழு என்றே வாக்களித்து, இருபதையும் ஹேய்சுக்குத் தூக்கிக் கொடுத்தது. 185-க்கு 184! டில்டன் கட்சியார் கொதித்தெழுந்தார்கள், பிறகு அடங்கினார்கள். சண்டையில்லை, இரத்தமில்லை. ஹேய்ஸ் பதவியேற்றார். ஆகா, என்ன அமைதி!

அந்த அமைதிக்கு விலை கொடுத்தவர்கள் அந்த அறையிலேயே இல்லை. உள்நாட்டுப் போருக்குப் பிறகு, விடுதலைபெற்ற கறுப்பின மக்களின் வாக்குரிமைக்குக் காவலாக மிச்சமிருந்த மத்திய அரசுப் படை, 1877 ஏப்ரலில் தென் கரோலினா, லூசியானா அரசு மாளிகைகளை விட்டுப் பின்வாங்கியது. எதிர்த்தவர்களை அடக்கிய மந்திரம் அதுதான். பின்னர் வந்தன வாக்கு வரி, எழுத்தறிவுத் தேர்வு, பாட்டன் வாக்களித்திருந்தால்தான் பேரனுக்கு விலக்கு என்ற விந்தைச் சட்டங்கள். அடிமையாக இருந்த பாட்டன் எங்கே வாக்களித்தான்? லூசியானாவிலே 1896-இல் 1,30,000-க்கு மேலிருந்த கறுப்பின வாக்காளர் எண்ணிக்கை, 1900-இல் ஏறத்தாழ 5,300. நாலே ஆண்டில்! பிறப்பைக் காட்டி உரிமையைப் பறிக்கும் வித்தை நமக்குப் புதிதன்று. அதனால்தான் இந்தக் கணக்கைப் படிக்கும்போது நம் நெஞ்சு கூடுதலாகக் கனக்கிறது. வாக்குரிமைச் சட்டம் 1965 ஆகஸ்டு 6-இல் வரும்வரை, 88 ஆண்டுகள் அந்த அமைதிக்கு வட்டி கட்டியவர்கள் அவர்கள்.

ஆகவே, தோற்றவர் வாய்திறந்து ஒப்புக்கொண்டார், எல்லாம் சுபம் என்று நான் எழுதவில்லை. திரைமறைவில் பேரம் பேசி, பிறர் உரிமையை விற்று, ஒப்புக்கொள்ளவும் வைக்கலாம். அப்படி வாங்கிய அமைதிக்கும், உறையைப் பிரித்து ஊரறியப் படித்த அமைதிக்கும் வேறுபாடு உண்டு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு 2001-க்கு வாருங்கள்.

2000-ஆம் ஆண்டுத் தேர்தலில் அல் கோர், மக்கள் வாக்கிலே ஜார்ஜ் புஷ்ஷைவிட 5,40,000-க்கு மேல் கூடுதலாகப் பெற்றார். ஆனால் முடிவு புளோரிடாவிலே தொங்கியது. அங்கே வேறுபாடு 537 வாக்கு. வாக்குச்சீட்டிலே துளை சரியாக விழுந்ததா, பாதி விழுந்ததா, தொங்குகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த நாட்கள் அவை. கறுப்பின வாக்காளர் பலரைக் குற்றவாளிகள் என்று தவறாகக் கருதிப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்ற புகாரும் எழுந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. டிசம்பர் 12-ஆம் நாள், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கிலே, எண்ணியது போதும் என்று தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு எனக்கு ஒப்புதலில்லை. கோருக்கும் ஒப்புதலில்லை, மறுநாள் வானொலியும் தொலைக்காட்சியும் கேட்க அதைச் சொல்லிவிட்டுத்தான், ஆயினும் ஏற்கிறேன் என்றார். வாக்குப்பதிவு நாளிலிருந்து 36 நாட்கள் போராடிய பிறகு.

2001 ஜனவரி 6. நாற்காலியில் கோர். புளோரிடாவின் 25 வாக்குகளைப் படிக்கும் நேரம் வந்தது. ஒருவர் எழுந்தார், ஆட்சேபம்! இன்னொருவர் எழுந்தார், ஆட்சேபம்! பெரும்பாலும் கறுப்பின உறுப்பினர்கள். 1877-இல் விற்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், தம் மக்களின் வாக்கு எண்ணப்படவில்லை என்று முறையிட எழுந்தார்கள். யாருக்காக? நாற்காலியில் இருக்கும் கோருக்காக! அவர் வெல்லவேண்டும் என்பதற்காக! அன்றைய சட்டப்படி, ஆட்சேபத்தை அவை எடுத்துக்கொள்ளவேண்டுமானால் பிரதிநிதி ஒருவர் கையெழுத்தோடு செனட்டர் ஒருவர் கையெழுத்தும் வேண்டும். நூறு செனட்டரில் ஒருவர்கூடக் கையெழுத்திடவில்லை. கோர் ஒவ்வொருவரையும் கேட்டார்: செனட்டர் கையெழுத்து உண்டா? இல்லை. அப்படியானால் ஏற்பதற்கில்லை. செனட்டர் கையெழுத்து இல்லாவிட்டால் எனக்கென்ன கவலை என்று ஓர் அம்மையார் சீறினார். விதிக்குக் கவலை உண்டே என்று கோர் பதில் சொன்னதும் அவை கைதட்டியது. அம்மையார் அமர்ந்தார்.

அந்தக் கைதட்டலில் நான் சேரமாட்டேன். நூறு செனட்டரில் ஒருவருக்குக்கூடப் பேனா எடுக்க மனம் வரவில்லையே என்பதை நினைத்தால் கசக்கிறது. முறையீட்டைக் கேட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் விவாதித்துவிட்டு, பிறகு தள்ளியிருக்கலாம். சட்டத்தில் அதற்கு இடம் இருந்தது. ஆனால் நாற்காலியில் இருந்தவர் செய்யக்கூடியது வேறென்ன? தனக்காகப் பேசுகிறவர்களுக்கு மட்டும் விதியைத் தளர்த்தினால், அது விதியல்ல, வீட்டு வேலி. புஷ் 271, கோர் 266. படித்தார்.

இந்த இடத்திலே நம் தோழர்கள் சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. "அமெரிக்காக்காரன் கதை நமக்கெதற்கு?" என்று. நம் கதையையே எடுத்துக்கொள்வோம். 1976 ஜனவரி 31-ஆம் நாள், பேரவையிலே பெரும்பான்மை பெற்றிருந்த கழக ஆட்சியை ஒரே கையெழுத்திலே கலைத்தது மத்திய அரசு. நம் தோழர்கள் சிறையிலே பட்ட அடி நமக்கு மறக்கவில்லை, மறக்கவும் வேண்டாம். அந்த நெருக்கடிநிலையின் தலைவி இந்திரா காந்தி அம்மையார், 1977 மார்ச்சில் ரேபரேலியிலே ராஜ் நாராயணிடம் 55,000-க்கு மேற்பட்ட வாக்குகளால் தோற்றார். படை அவர் கையில். காவல்துறை அவர் கையில். தாள்களின் வாயிலே பூட்டு. சாவியும் அவர் கையில். ஆயினும் முடிவு வந்ததும் நெருக்கடிநிலையை விலக்கிவிட்டு, பதவி விலகல் கடிதத்தைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். அவர் செய்த கொடுமை கொடுமைதான். அதற்கு வக்காலத்து வாங்க நம்மால் ஆகாது. ஆனால் இறங்கினார் என்பதும் உண்மைதான். நம் பகைவர் செய்தார் என்பதற்காக அதை மறைத்து எழுதுவது இந்த ஏட்டுக்கு அழகன்று.

வாக்கு எண்ணும் கூடத்திலே முகவராக உட்காரும் நம் தோழர்களுக்கு இதிலே வேலை இருக்கிறது. ஐயம் வந்தால் அந்த மேசையிலேயே எழுத்திலே கொடுங்கள். மறு எண்ணிக்கை கேளுங்கள். அதிலும் நிறைவில்லையேல் 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்திலே தேர்தல் மனு போடுங்கள். கையில் சான்று இல்லாமல், தோற்ற இரவிலே ஒலிபெருக்கியைப் பிடித்து "மோசடி" என்று முழங்குவது மட்டும் வேண்டாம். நாம் வெல்லும் தேர்தலிலும் அதே இயந்திரம், அதே அதிகாரி, அதே மேசைதானே இருக்கப் போகின்றன? நம் வெற்றியை நாளை யார் நம்புவார்?

சான்றில்லாமல் முழங்கினால் எங்கே போய் முடியும் என்பதை 2021 காட்டிற்று.

2020-ஆம் ஆண்டுத் தேர்தலில் டொனால்டு டிரம்ப் தோற்றார். பைடனுக்கு 306, அவருக்கு 232. அவர் தரப்பார் அறுபதுக்கு மேற்பட்ட வழக்குகள் போட்டார்கள். முடிவை மாற்றும்படியாக ஒன்றுகூட நிற்கவில்லை. வழக்குப் போட்டது குற்றமன்று, கோரும் போட்டார். நீதிமன்றம் முடிந்து, டிசம்பர் 14-ஆம் நாள் தேர்வாளர்கள் வாக்களித்த பிறகும் ஒப்புக்கொள்ளாமல், குறுக்கு வழி தேடினார்கள். கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா? இலக்கணம்!

அமெரிக்க அரசியல் சட்டத்தின் 12-ஆவது திருத்தம், 1804-ஆம் ஆண்டினது, இப்படிச் சொல்கிறது: செனட் சபைத் தலைவர் சான்றிதழ்களைத் திறப்பார், பிறகு வாக்குகள் எண்ணப்படும். திறப்பவர் யார் என்று எழுதினார்கள். எண்ணுபவர் யார் என்று எழுதவில்லை. 'எண்ணப்படும்' என்று செயப்பாட்டு வினையிலே விட்டுவிட்டார்கள். நம் தமிழாசிரியர் பார்த்திருந்தால் "எழுவாய் எங்கே?" என்று காதைத் திருகியிருப்பார். அந்த எழுவாய் இல்லாத இடத்திலே துணைத் தலைவர் மைக் பென்சை உட்காரவைத்து, "நீரே எண்ணுபவர், வேண்டாத மாநிலங்களின் உறைகளை ஒதுக்கிவிடும்" என்று நெருக்கினார்கள். ஒரு வினைச்சொல்லின் ஓட்டை வழியே ஒரு நாட்டைக் களவாட முயற்சி!

பென்ஸ் நான்காண்டுக் காலம் டிரம்பின் நிழலாக நடந்தவர். எதிர்த்துப் பேசியவர் என்று பெயரெடுத்தவரல்லர். அவர் ஊசலாடினார் என்றும், முன்னாள் துணைத் தலைவர் டேன் குவேலிடம் யோசனை கேட்டார் என்றும் செய்தியாளர்கள் பிறகு எழுதினார்கள். குவேல் 1993-இல் அதே நாற்காலியிலிருந்து, துணைத் தலைவர் வேட்பாளராகத் தாம் தோற்ற கணக்கைத் தாமே படித்தவர். உமக்கு அந்த அதிகாரம் இல்லை, படித்துவிட்டு வாரும் என்பதே அவர் சொன்ன யோசனையின் சாரம். தோற்றவன் தோற்றவனுக்குச் சொன்ன யோசனை!

ஜனவரி 6-ஆம் நாள் நடந்ததை உலகமே பார்த்தது. பிற்பகல் இரண்டு மணியளவில் கூட்டம் கண்ணாடிகளை நொறுக்கி மன்றத்துக்குள் பாய்ந்தது. வெளியிலே தூக்குமரம் நட்டு, பென்சைத் தூக்கிலிடு என்று கூவினார்கள். காவலர் ஏறத்தாழ 140 பேர் காயமுற்றனர். அந்தக் குழப்பத்திலும் செனட் ஊழியர்கள் செய்த ஒரு காரியத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். சான்றிதழ்கள் இருந்த மரப்பெட்டிகளை விட்டுவிட்டு ஓடாமல், தூக்கிக்கொண்டு ஓடினார்கள். 1861-இல் எதைப் பறித்துவிடுவார்கள் என்று ஸ்காட் அஞ்சினாரோ, அது 2021-இல் ஊழியர்கள் கையிலே பத்திரமாக இருந்தது. பென்சைக் காரில் ஏறச் சொன்னார்கள். மறுத்து, கட்டடத்தின் அடியிலேயே காத்திருந்தார். இரவு எட்டு மணிக்கு அவை மீண்டும் கூடியது. விடியற்காலை மூன்றரை மணி கடந்து, பென்ஸ் கணக்கைப் படித்து முடித்தார். அவருடைய தோல்வியும் அதிலே இருந்தது.

பதவியேற்பு நாளன்று டிரம்ப் விழாவுக்கு வராமல் காலையிலேயே ஊரைவிட்டுப் போனார். 1801-இலும் ஜான் ஆடம்ஸ் தம்மை வென்ற ஜெஃபர்சனின் விழாவைப் பார்க்காமல் விடியுமுன் கிளம்பியதுண்டு. ஆனால் ஆடம்ஸ் ஆட்சியை ஒப்படைத்துவிட்டுத்தான் வண்டி ஏறினார். உடைந்த கண்ணாடிகளை விட்டுவிட்டன்று.

2022 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தினார்கள். துணைத் தலைவரின் வேலை படிப்பது மட்டுமே, தள்ளவோ கொள்ளவோ அவருக்கு அதிகாரமில்லை என்று பச்சையாக எழுதினார்கள். ஆட்சேபம் எழுப்ப ஒவ்வொரு சபையிலும் ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர் வேண்டும் என்றும் ஆக்கினார்கள். வினைச்சொல்லின் ஓட்டை அடைபட்டது. அதன்பின் அந்த நாற்காலியில் முதலில் உட்கார்ந்தவர் கமலா ஹாரிஸ்.

அவருடைய தாயார் சியாமளா கோபாலன் 1958-இல் பத்தொன்பது வயதிலே படிக்க அமெரிக்கா போனவர். தாய்வழிப் பாட்டனார் கோபாலனின் ஊர் நம் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம். 2024 தேர்தலின்போது அந்த ஊர்க் கோயிலிலே வழிபாடு நடந்தது, பதாகை கட்டினார்கள். வழிபாட்டினால் வாக்கு விழாது என்பது நமக்குத் தெரிந்ததுதான். ஊராரின் அன்பை அதற்காகக் குறைத்துப் பேசவேண்டியதில்லை. கமலா பிறந்தது 1964 அக்டோபரில். வாக்குரிமைச் சட்டம் வந்தது அதற்குப் பத்துத் திங்கள் கழித்து. அவர் தொட்டிலில் கிடந்தபோது, அவரைப் போன்ற நிறத்தார் தென்பகுதி மாநிலங்களிலே வாக்குச்சாவடி வாசலில் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

2025 ஜனவரி 6-ஆம் நாள் தலைநகரிலே பனி கொட்டியது. மன்றத்தைச் சுற்றி உயர்ந்த வேலி. நான்காண்டுக்கு முன் தன் தோல்வியை ஏற்க மறுத்த அதே டிரம்ப் இப்போது வென்றவர். பதவியேற்ற நாளிலேயே, 2021 கலவரத்துக்காக வழக்கிலும் தண்டனையிலும் இருந்த ஏறத்தாழ 1,500 பேருக்கு அவர் மன்னிப்பு வழங்கப் போகிறார். அதற்கு இன்னும் பதினான்கு நாள் இருக்கிறது. அவருக்குத் திருப்பிக் கொடுக்க கமலாவின் கட்சியாருக்குக் கணக்கு நிறைய இருந்தது. ஒருவரும் எழவில்லை. ஆட்சேபம் ஒன்றுகூட இல்லை. மாநிலம் மாநிலமாகப் படித்து, ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது. கமலா எழுந்து நின்று, டிரம்பின் பெயரையும் 312 என்ற எண்ணையும் சொன்னார். குடியரசுக் கட்சியார் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஓசை அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு தன் பெயரையும், தன் மாநிலம் கலிபோர்னியா என்பதையும், 226 என்ற எண்ணையும், குரல் மாறாமல் படித்தார்.